பந்தெடுத்த பாவையர்: வடகடல் நாட்டில் ஒருத்தி, சென்னையில் ஒருத்தி



ஆண்டுதோறும் நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் வரலாற்றுக் கட்டுரை ஒன்று இடம் பெறுவது வழக்கம். சேரர் ஆண்டதும், வேணாட்டு மன்னர் கோயில் எடுத்ததும், 1956 நவம்பர் முதல் நாளில் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் தாய்த் தமிழகத்தோடு சேர, நெய்யாற்றின்கரை மட்டும் இப்புறம் நின்றுவிட்டதும், பலராலும் எழுதப்பட்டுவிட்டன. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய இரயில்வே குமாஸ்தாவாகிய நான் அவற்றினும் மேலாக எதை எழுதிவிட இயலும்? ஆகவே, இவ்வாண்டு வேறொரு வரலாற்றை எடுத்துக்கொண்டேன். இது மன்னர் வரலாறன்று. பந்தைக் கையிலெடுத்த பெண்களின் வரலாறு.

இதனை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு விழாவின்போது பெண் மக்களுக்கென நாம் நடத்திய பந்தயங்கள் யாவை? கோலப்போட்டி, நாற்காலிச் சுற்று, கரண்டியில் எலுமிச்சம்பழம் ஏந்தி நடத்தல் ஆகிய மூன்றே. ஓட்டப் பந்தயத்திலோ, பத்து வயதுக்குட்பட்ட சிறுமியர் பதினொருவர் ஓடினர்; பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர் ஒருவர்கூட இலர். நம் காலனியில் அவ்வயதுப் பெண்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் சன்னலுக்குப் பின்னே இருக்கிறார்கள். இதைக் கண்டபோது என் உள்ளத்தில் பழைய முள் ஒன்று உறுத்தியது. அம்முள்ளைப் பற்றி இறுதியில் சொல்வேன்.

முதற்கண் கடல் கடந்து டென்மார்க்குக்குச் செல்வோம். அந்நாடு தமிழருக்குப் புதிதன்று. 1620ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை பெற்றுத் தரங்கம்பாடியில் டான்ஸ்பர்க் கோட்டையை எழுப்பியவர்கள் அந்நாட்டவரே. 1706இல் சீகன்பால்கு பாதிரியார் வந்திறங்கியதும், பின்னர்த் தமிழெழுத்தில் அச்சு ஓடியதும் அவ்வூரில்தான். 1845இல் ஆங்கிலேயருக்கு அதனை விற்றுவிட்டு அவர்கள் நாடு திரும்பினர். கோட்டை இன்றும் அலைவாயில் நிற்கிறது.

அந்த டேனிஷ் மக்கள் உலகிற்கு அளித்த விளையாட்டு ஒன்று உண்டு. ஹோல்கர் நீல்சன் என்னும் ஆசிரியர், கோபன்ஹேகனை அடுத்த ஓர்ட்ரூப் பள்ளியில் மாணவர்களுக்காகக் கையால் எறிந்தாடும் பந்தாட்டம் ஒன்றை வகுத்து, அதன் விதிகளை 1906இல் அச்சிட்டு வெளியிட்டார். அதுவே ஹாண்ட்பால். நம்மவர் ‘கைப்பந்து’ என்று வாலிபாலைச் சொல்லிப் பழகிவிட்டமையால், குழப்பம் நேராதவாறு ஹாண்ட்பால் என்றே இங்கும் குறிப்பேன்.

அவ்வாட்டம் எவ்வாறு ஆடப்படுகிறது? 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உடைய களம். பக்கத்துக்கு எழுவர், அவருள் ஒருவர் காவலர். 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட வலையினுள் பந்தை எறிய வேண்டும். வலைக்கு முன் 6 மீட்டர்க் கோட்டினுள் காவலரையன்றி எவரும் கால் வைத்தலாகாது. எனவே கோட்டுக்கு வெளியே நிலத்தை உதைத்தெழுந்து, வானில் மிதந்தபடியே பந்தை விடுவர். பந்தைக் கையிலேந்தி மூன்றடிக்கு மேல் எடுத்து வைக்கலாகாது. மூன்று நொடிக்கு மேல் வைத்திருக்கவும் ஆகாது. காலும் கையும் கண்ணும் ஒருங்கே வேலை செய்யும் ஆட்டம் இது. மென்மைக்கு இடமில்லை, உரசலும் மோதலும் உண்டு.

இத்தகைய ஆட்டத்தைப் பெண்கள் ஆடலாமா என்ற கேள்வி அங்கும் எழாமல் இல்லை. 1896இல் ஏதென்சில் புதுக்கால ஒலிம்பிக் தொடங்கியபோது பெண் ஒருவருக்கும் இடமளிக்கப்படவில்லை. 1900இல்தான் சில ஆட்டங்களில் நுழைந்தனர். பெண்கள் ஹாண்ட்பால் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது 1976இல், கனடாவின் மாண்ட்ரியல் நகரில். அதே ஆண்டில், அதே நகரில்தான் பெண்கள் கூடைப்பந்தும் சேர்க்கப்பட்டது. இரண்டிலும் முதல் தங்கத்தைச் சோவியத் நாட்டுப் பெண்கள் கொண்டனர். அன்பர்கள் இந்த 1976ஆம் ஆண்டை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். மீண்டும் அதற்கு வருவோம்.

டென்மார்க்கின் ஓடென்சே நகரில் 1969இல் பிறந்தவர் ஆன்யா ஆண்டர்சன். குழந்தைகளுக்குக் கதை சொன்ன புகழ்பெற்ற ஹான்ஸ் ஆண்டர்சன் பிறந்த ஊரும் அதுவே. ஆன்யா, தோழியர் இருக்குமிடத்தைப் பாராமலே முதுகுப்புறமாகப் பந்தை அனுப்பும் வித்தை கைவந்தவர். சினமும் மிகுந்தவர், நடுவரோடு வாதாடித் தண்டனைக்கும் உள்ளானவர். அடக்கமே பெண்ணுக்கணி என்று போற்றும் நம்மவர்க்கு அவரது நடத்தை முழுதும் உவப்பாக இராது. ஆயினும் அவர் ஆட்டத்தை உலகம் மறுக்க முடியவில்லை.

1994இல் ஐரோப்பியப் பெண்கள் ஹாண்ட்பால் போட்டி முதன்முறையாக நடந்தபோது, உல்ரிக் வில்பெக் என்பவரின் பயிற்சியில் டென்மார்க் வென்றது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கின் இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை எதிர்த்து நின்றனர். கொரியப் பெண்கள் அதற்கு முன் 1988லும் 1992லும் தங்கம் வென்றவர்கள். உரிய நேரத்தில் வெற்றி தோல்வி முடிவாகாமல் கூடுதல் நேரம் ஆடி, 37க்கு 33 என்ற கணக்கில் டென்மார்க் தங்கம் கொண்டது. அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் ஐரோப்பிய வாகை. 1997இல் உலகப் போட்டியின் இறுதியில் நார்வேயை வீழ்த்தி உலக வாகை. ஒலிம்பிக், ஐரோப்பா, உலகம் ஆகிய மூன்று முடிகளும் ஒரே காலத்தில் ஒரு சிறு நாட்டுப் பெண்களின் தலையில் இருந்தன! ஆன்யா அந்த 1997ஆம் ஆண்டின் உலகச் சிறந்த வீராங்கனையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

உயரத்திலிருந்த வேளையில் ஊழ் குறுக்கிட்டது. இருதயக் கோளாறு காரணமாக 1999இல், முப்பதாம் வயதில், அவர் ஆட்டத்தை விட்டார். ஆனால் களத்தை விடவில்லை. ஸ்லாகெல்சே என்னும் சிறு நகரத்துக் கழகத்திற்குப் பயிற்சியாளரானார். அவர் பயிற்றிய பெண்கள் ஐரோப்பியக் கழகங்களுக்கான பெருங்கோப்பையை 2004, 2005, 2007 ஆகிய ஆண்டுகளில் மும்முறை வென்றனர். நாட்டின் அணியும் 2000இல் சிட்னியிலும் 2004இல் ஏதென்சிலும் மீண்டும் ஒலிம்பிக் தங்கம் பெற்று, தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்கில் வென்ற பெருமையை அடைந்தது.

இந்நாடு எவ்வளவு பெரிது என்று எண்ணுகிறீர்கள்? அட்லாண்டா வெற்றியின்போது அங்கு வாழ்ந்த மக்கள் ஏறத்தாழ 52 இலட்சம் பேர். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படித் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 33 இலட்சம் மக்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் 18 இலட்சத்து 70 ஆயிரம். இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட அதே தொகைதான். நம் பாறசாலையை நடுவில் வைத்து, வடக்கே ஒரு மாவட்டமும் தெற்கே ஒரு மாவட்டமும் கொண்டால், அதுவே ஒரு டென்மார்க்! அவர்கள் மூன்று முடி சூடினர். நாம் எலுமிச்சம்பழம் ஏந்தி நடக்கிறோம்.

அவர்களுக்கு இது எங்ஙனம் கைகூடியது? அரசன் ஆணையாலன்று. அங்கே சிற்றூர்தோறும் விளையாட்டுக் கழகம் உண்டு. நீண்ட குளிர்காலத்தில் ஆடுவதற்கு உள்ளரங்கு உண்டு. ஏழெட்டு வயதுச் சிறுமி மாலையில் பையை மாட்டிக்கொண்டு போகிறாள். பதின்மூன்று வயதானாலும் போகிறாள். அவள் போவதை வேடிக்கையாக எவரும் பார்ப்பதில்லை. ஆயிரம் பேர் ஆடுமிடத்தில் ஓர் ஆன்யா தோன்றுவாள். பதினொருவர் ஓடுமிடத்தில் எவள் தோன்றுவாள்?

‘அது வெள்ளையர் நாடு, குளிர் தேசம், நமக்கொவ்வாது’ என்று சிலர் உரைக்கலாம். அவர்க்கு விடை கூறவே சென்னைக்கு வருகிறேன். ஹாண்ட்பாலுக்கு அண்ணன் முறை கொண்டாடத்தக்க கூடைப்பந்தைப் பார்ப்போம்.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர், பழக்கூடைகளைப் பத்தடி உயரத்தில் மாட்டி இவ்வாட்டத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்டா பெரன்சன் என்னும் ஆசிரியை, ஸ்மித் கல்லூரிப் பெண்களுக்கு அதனைக் கற்பித்தார். 1893இல் அக்கல்லூரியில் நடந்த ஆட்டத்தைக் காண ஆடவர் அனுமதிக்கப்படவில்லை. அமெரிக்காவிலேயே நிலை அவ்வாறு இருந்தது! நாணமும் தடையும் நமக்கு மட்டும் உரியன அல்ல என்பது இதனால் விளங்கும். நம் நாட்டிற்கு இவ்வாட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தினர். 1920இல் ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் நிறுவிய உடற்பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த ஆசிரியர்கள் தென்னாட்டுப் பள்ளிகளுக்குப் பல ஆட்டங்களை எடுத்துச் சென்றனர்.

அச்சென்னையில் 1985இல் பிறந்தவர் அனிதா பால்துரை. இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணியில் இளம் பருவத்திலேயே இடம் பெற்று, பத்தொன்பதாம் வயதில் அணித்தலைவியானார். பத்தொன்பது வயது! நம் காலனியில் பெண்ணுக்கு வரன் பார்க்கும் வயதில், அவர் தம்மினும் மூத்தோரை வழிநடத்தினார். எட்டாண்டுகள் தலைமை தாங்கினார். ஒன்பது ஆசிய வாகைப் போட்டித் தொடர்களில் ஆடிய முதல் இந்தியப் பெண் என்ற பெயரும் அவருக்கே உரியது. தேசியப் போட்டிகளில் பெற்ற பதக்கங்கள் முப்பது. 2012இல் சீனத்தின் ஹையாங் நகரில் நடந்த ஆசியக் கடற்கரை விளையாட்டிலும், 2013இல் தோகா நகரில் மூவர் ஆடும் ஆசியப் போட்டியிலும் தங்கம் வென்ற அணிகளில் அவர் இருந்தார்.

அவர் நம் தென்னக இரயில்வேயின் ஊழியர் என்பதை எழுதும்போது, குமாஸ்தாவாகிய எனக்குச் சிறிது பெருமை ஏற்படுவதை மறைப்பானேன்? 1928 முதல் இயங்கிவரும் இரயில்வே விளையாட்டு வாரியம், ஆடுவோர்க்கு வேலை கொடுத்து ஆதரிக்கிறது. இதன் பயன் பதக்கம் மட்டுமன்று. ‘பந்தாடி என்ன சாப்பிடப் போகிறாய்?’ என்று கேட்கும் தாய்க்குச் சொல்வதற்கு ஒரு விடை அது. மாதச் சம்பளமும் ஓய்வுகாலப் பாதுகாப்பும் உண்டென்றால், ஏழை வீட்டின் கதவும் சற்றே திறக்கிறது. டென்மார்க்கில் ஊர்க் கழகம் செய்த வேலையை இங்கே இரயில்வே ஓரளவு செய்தது என்பேன். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கழகம் ஏழு வயதில் கைகொடுக்கிறது. வேலை, பதினெட்டுக்குப் பின்தான் கைகொடுக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் பெண்ணைக் காக்க வேண்டியவர்கள் பெற்றோரும் பள்ளியும் நம்மைப் போன்ற சங்கங்களுமே.

அனிதாவின் வரலாற்றில் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்த பகுதி 2017ஆம் ஆண்டு. மணமாகித் தாயும் ஆகிவிட்டார். ‘இனி ஆட்டம் எதற்கு?’ என்று ஊரார் கேட்கும் நிலை. அவரோ பயிற்சி செய்து மீண்டும் அணிக்கு வந்தார். அவ்வாண்டு ஜூலையில் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவுப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் கசகஸ்தானை இந்தியா 75க்கு 73 என்று வென்றது. இரண்டே புள்ளிகள்! அவ்வெற்றியால் நம் அணி முதற் பிரிவுக்கு உயர்ந்தது. தாயானவள் களம் புகுவது முறையன்று என்போர்க்கு அந்த இரண்டு புள்ளிகளே விடை. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

எல்லைப்புறத்தில் வாழும் நாம் கருத வேண்டிய செய்தி இன்னுமொன்று. அனிதாவோடு பல்லாண்டு இந்திய அணியில் ஆடியவர் கீது அன்னா ஜோஸ் என்னும் மலையாளப் பெண்மணி. கேரளத்தில் பிறந்து, தென்னக இரயில்வேயில் பணியேற்று, ஆஸ்திரேலியக் கழகத்திற்கும் ஆடிவந்த நெடிய வீராங்கனை. 2014ஆம் ஆண்டுக்குரிய அர்ஜுனா விருது பெற்றவர். ஒருத்தி தமிழ், ஒருத்தி மலையாளம். நாமோ எந்தக் கடைப்பலகையில் எம்மொழி எழுதுவதென்று தலைமுறைக் கணக்கில் வாதிட்டோம். நம் மொழியுரிமை பெரிது. அதை விட்டுக்கொடுக்கச் சொல்பவன் நானல்லேன். ஆயினும் வலைக்கடியில் நிற்கும் தோழிக்குப் பந்து தரும்போது, அவள் எக்கரையாள் என்று எவரும் கேட்பதில்லை. நம் பெண்கள் அயல்வீட்டு மலையாளப் பெண்களோடு சேர்ந்தாடினால் தமிழ் குன்றிவிடாது. தமிழரை அவர்கள் அறிந்துகொள்வர்.

1976ஐ நினைவில் வைக்கச் சொன்னேனன்றோ? மாண்ட்ரியலில் பெண்களின் பந்தாட்டத்திற்கு வாயில் திறந்த அதே ஆண்டில், கண்ணூரில் கேரள அரசு மாணவியர்க்கான விளையாட்டுப் பிரிவொன்றைத் தொடங்கியது. அங்கே சேர்ந்த சிறுமியருள் ஒருத்திதான் பின்னாளில் 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நூற்றில் ஒரு நொடியால் பதக்கத்தைத் தவறவிட்ட பி.டி. உஷா. அவரும் நம் தென்னக இரயில்வேயில் பணியாற்றியவரே. ஹாண்ட்பாலும் நமக்கு எட்டாததன்று. 2022 மார்ச்சில் கசகஸ்தானின் அல்மாட்டி நகரில் நடந்த ஆசிய இளையோர் பெண்கள் ஹாண்ட்பால் போட்டியில் இந்தியப் பெண்கள் முதன்முறையாகத் தங்கம் வென்றனர். டேனிஷ் ஆசிரியரின் ஆட்டம் நம் நாட்டுப் பெண்களின் கைக்கும் வந்துவிட்டது.

இனி அந்த முள்ளைப் பற்றிச் சொல்லி முடிப்பேன்.

எனக்கொரு தங்கை உண்டு. அனிதாவின் வயதே அவளுக்கும். பள்ளியில் எறிபந்து ஆடுவாள். அவள் எறிந்த பந்தைப் பிடிக்க ஆண்பிள்ளைகளே தயங்குவர். 1998இல், அவளுடைய பதின்மூன்றாம் வயதில், பள்ளி அணியோடு வெளியூர் சென்று இரண்டு இரவு தங்கி ஆடுவதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டாள். தந்தையார் காலமாகிவிட்டமையால் வீட்டில் மூத்த ஆண் நானே. அம்மை என் முகத்தைப் பார்த்தார். ‘வேண்டாம்’ என்றேன். காரணம் எதுவும் சொல்லவில்லை. எனக்கே காரணம் தெரியாது. நாலுபேர் என்ன சொல்வார்களோ என்ற அச்சமன்றி வேறில்லை. அவள் அழவில்லை. ‘சரி, அண்ணே’ என்றாள். மறுநாள் முதல் பந்தைத் தொடவில்லை. எவர் மீதும் குற்றமில்லை, குற்றம் என்னுடையது.

அவள் போயிருந்தால் அனிதா ஆகியிருப்பாள் என்று நான் சொல்லவில்லை. ஒருக்கால் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பியிருப்பாள். ஆனால் தோற்பதற்கும் அவளுக்கு உரிமை இருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது என் மகளுக்கு வயது பன்னிரண்டு. சென்ற விழா முடிந்த இரவில், ‘அப்பா, அடுத்த வருடமும் நான் ஓடலாமா?’ என்று கேட்டாள். அருகில் என் தங்கை இருந்தாள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும், அன்று அம்மை பார்த்ததுபோலவே என் முகத்தைப் பார்த்தாள். ‘ஓடலாம், ஆடவும் ஆடலாம்’ என்றேன். அதைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது.

ஆகவே, சங்கத்துப் பெரியோர்க்குப் பணிவான விண்ணப்பம் இரண்டு. காலனிக்குப் பின்புறம் புல் மண்டிக் கிடக்கும் நிலத்தைத் திருத்தி, கம்பமிரண்டு நட்டு, மாலை ஐந்து முதல் ஆறரை வரை பெண் மக்களுக்கென ஒதுக்க வேண்டும். அடுத்த ஆண்டு விழாவில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குப் பந்தாட்டம் ஒன்றேனும் வைக்க வேண்டும். பெருஞ்செலவில்லை, கம்பத்தின் விலையும் பந்தின் விலையுமே. காவலுக்குத் தாய்மார் வந்தமரட்டும். விரும்பினால் அவர்களும் ஆடட்டும்.

கற்றுக்கொடுப்பவர் யார் என்று கேட்பீர்களாயின், அதற்கும் ஆள் இருக்கிறது. கடந்த சில திங்களாக எங்கள் வீட்டு முற்றத்தில் என் மகளுக்குப் பந்தெறியக் கற்றுத் தருபவள் என் தங்கைதான். கை இன்னும் மறக்கவில்லை. அவள் எறிந்ததைப் பிடிக்க நான் ஒருமுறை முயன்றேன். விரல் வீங்கி, இரண்டு நாள் அலுவலகத்தில் பேனா பிடிக்க முடியாமற் போயிற்று.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!